40 மீட்டருக்கு மைக் கேபிளை ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா சவுண்ட் கெடுமா? ஒரு வருஷம் மலைல ஓட்டிப் பார்த்துட்டு எழுதற ரிவ்யூ

நாங்க இருக்கறது குன்னூர்லேர்ந்து கோத்தகிரி போற ரோட்டுல ஒரு எஸ்டேட் லைன்ல. மாரியம்மன் கோவில் கீழ பள்ளத்துல இருக்கு, ஸ்டேஜ் அதுக்கு முன்னாடி இருக்கற சமதளத்துல போடுவோம், மிக்சர் வைக்க மழை படாத இடம்னு பார்த்தா மேல கிரெச் (குழந்தைங்களைப் பார்த்துக்கற இடம்) திண்ணை ஒண்ணுதான். கண்ணால பார்த்தா 20 மீட்டர்கூட வராது. ஆனா மலைல கேபிள் நேரா போகுமா, படிக்கட்டு ஓரமா இறங்கி, தேயிலைச் செடியைச் சுத்திக்கிட்டு, தண்ணி போற கால்வாயைத் தாண்டி ஸ்டேஜுக்கு வந்து சேர்றதுக்குள்ள 38 மீட்டர் ஆயிடுது, டேப் வச்சே அளந்துட்டேன். கடையில ரெடியா கிடைக்கற மைக் கேபிள் 5, 10, மிஞ்சிப்போனா 20 மீட்டர். அப்போ சேர்த்துத்தான் ஆகணும்.

எங்க ஏரியா மைக்செட் மாமா இதை ஒத்துக்கவே மாட்டார். முப்பது வருஷமா மைக்செட் கட்டறவர். "தம்பி, ஒயர்ல ஒட்டு விழுந்தா சவுண்டு செத்துரும், ஒரே நீளமா வாங்கு, இல்லன்னா மிக்சரைக் கீழ எறக்கு"ன்னு பார்க்கறப்போ எல்லாம் சொல்வார். அனுபவப்பட்டவர் சொல்றாரேன்னு எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு, போன வருஷம் சித்திரைத் திருவிழாவுல அவர் சொன்ன மாதிரியே நடந்தும் போச்சு.

அப்போ என்கிட்ட இருந்தது ஆன்லைன்ல வாங்கின பிராண்டே இல்லாத 10 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூணு பின் இருக்கற மைக் கேபிள்) நாலு. கூடவே ஜாயின்ட் பண்ணணுமேன்னு ரெண்டு மெட்டல் எக்ஸ்எல்ஆர் கப்ளர் (ரெண்டு கேபிளை இணைக்கற துண்டு), ஆறு பி38 ஜாயின்ட் (பி38ங்கறது கிட்டார், கீபோர்டுல சொருகற ஒத்தைக் கம்பி பின்). முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எக்ஸ்எல்ஆருக்கு கப்ளரே வேண்டாம். சாதாரண மைக் கேபிள்ல ஒரு பக்கம் மூணு கம்பி நீட்டிட்டிருக்கற ஆண் பின், இன்னொரு பக்கம் மூணு ஓட்டை இருக்கற பெண் பின், ஒரு கேபிளோட வாலை அடுத்ததோட தலையில சொருகினா டக்னு லாக் விழுந்துரும், அவ்ளோதான். அந்த ரெண்டு கப்ளரும் இன்னைக்கு வரைக்கும் கவரைப் பிரிக்காம இருக்கு. தெரியாம வாங்கிடாதீங்க.

ரெண்டாவது நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும், கும்மிப்பாட்டு ஓடிட்டிருக்கு, கீழேர்ந்து மிஸ்ட் ஏறி வந்து ஸ்டேஜ் லைட்டைச் சுத்தி மஞ்சளா நிக்குது. திடீர்னு பாடற அக்காவோட மைக் மட்டும் மெலிஞ்சு போச்சு, தகர டப்பாவுக்குள்ளேர்ந்து பாடற மாதிரி, கூடவே ம்ம்ம்னு ஒரு இரைச்சல், ரெண்டு நிமிஷத்துல கரகரன்னு ஆரம்பிச்சிருச்சு. மிக்சர்ல வால்யூம் ஃபேடரை ஏத்தினா குரல் ஏறல, இரைச்சல்தான் ஏறுது. தம்பியை மிக்சர்ல நிக்க வச்சுட்டு டார்ச்சை எடுத்துக்கிட்டு கேபிள் போற வழியாவே ஓடினேன். மூணாவது ஜாயின்ட் கால்வாய் ஓரம் புல்லுல கிடந்துச்சு. கழட்டிப் பார்த்தா மூணு பின்னுக்கும் நடுவுல ஒரு சொட்டுத் தண்ணி அப்படியே உருண்டு நிக்குது, ரெண்டாம் நம்பர் பின்னோட அடியில பச்சை பூத்திருக்கு. ஜெர்கினோட உள் துணியில துடைச்சு ரெண்டு மூணு தடவை சொருகி எடுத்தேன், மேலேர்ந்து "வந்துருச்சு வந்துருச்சு"ன்னு தம்பி கத்தினான். அதுக்குள்ள ஒரு பாட்டு முழுசா போச்சு. அந்த அக்கா வருஷத்துல ஒரு நாள்தான் மைக் பிடிக்கறவங்க, எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல.

மறுநாள் வீட்ல அந்த ஜாயின்ட்ல இருந்த பின்னோட மூடியைத் திறந்தேன். ஈயம் சரியா உருகாம, சாம்பல் கலர்ல உருண்டையா ஒட்டியும் ஒட்டாம நிக்குது, ஒயர்ல இருக்கற இழைல நாலஞ்சுதான் அதுல மாட்டியிருக்கு, பாக்கியெல்லாம் சும்மா விரிஞ்சு கிடக்கு. கேபிளைப் பிடிக்க வேண்டிய கிளாம்ப் கேபிளைத் தொடவே இல்ல. யாராவது கேபிளை இழுத்தா அந்த இழுவை முழுக்க ஈயத்து மேலதான் விழும். அப்போதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு, மாமா சொல்ற மாதிரி ஒட்டு போட்டதால கெட்டுச்சா, இல்ல இந்த ஒட்டு மட்டமா இருந்ததால கெட்டுச்சா.

அதைத் தெரிஞ்சுக்கறதுக்காகவே கோயம்புத்தூர் இறங்கினேன். அங்க ஒரு சவுண்ட் கடையில உக்காந்து, "அண்ணா, 20 மீட்டர்ல ரெண்டு வேணுங்ணா, என் கண்ணு முன்னாடியே பின் அடிச்சுக் குடுங்க"ன்னு கேட்டேன், அவரும் சலிச்சுக்காம செஞ்சு குடுத்தார். கேபிள் பின்னல் ஷீல்டு (இரைச்சலைத் தடுக்க ஒயரைச் சுத்திப் பின்னின கம்பி வலை) இருக்கறது, பின் நாலும் நியூட்ரிக். அது லிச்சென்ஸ்டைன் நாட்டுக் கம்பெனி. இந்தப் பின்னுல கேபிளைப் பிடிக்க ஸ்க்ரூவே கிடையாது, உள்ள பல்லு பல்லா ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கு, பின்னாடி மூடியைத் திருகத் திருக அது கேபிளை நாலு பக்கமும் இறுக்கிப் பிடிச்சுக்குது. இழுத்துப் பார்த்தேன், அசையல. கேபிள், பின், கூலி எல்லாம் சேர்த்து ரெண்டும் 4,400 ரூபா ஆச்சு. இதே பின்னுக்கு டூப்ளிகேட்டும் மார்க்கெட்ல ஓடுது, அதனால தெரிஞ்ச கடையிலயே வாங்குங்க.

இப்போ டெஸ்ட். வீட்ல சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் (கம்ப்யூட்டர்ல சத்தத்தை உள்ள வெளிய அனுப்பற பெட்டி) ஒண்ணு இருக்கு. அதோட பேலன்ஸ்டு அவுட்லேர்ந்து (பேலன்ஸ்டுன்னா என்னன்னு கீழ சொல்றேன்) ஒரு பாட்டை அனுப்பி, கேபிள் வழியா திரும்ப அதே இன்டர்ஃபேஸோட இன்புட்டுக்கே கொண்டு வந்து ரெக்கார்ட் பண்ணினேன். முதல்ல ஒன்றரை மீட்டர் கேபிள்ல, அப்புறம் புது 20 மீட்டர் ரெண்டையும் சேர்த்து, அப்புறம் பழைய நாலு கேபிளையும் நானே திரும்ப ஈயம் வச்சு கிளீன் பண்ணி அதோட சேர்த்து, மொத்தம் 80 மீட்டர், நடுவுல அஞ்சு ஜாயின்ட். ஆடாசிட்டிங்கற ஆடியோ சாஃப்ட்வேர்ல ஒன்றரை மீட்டரையும் 80 மீட்டரையும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா வச்சு லெவலைச் சமமாக்கி, ஒண்ணைத் தலைகீழா திருப்பி (இன்வெர்ட்) ரெண்டையும் கூட்டினேன். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு ஒண்ணுமே மிஞ்சக்கூடாது. ஹெட்ஃபோன்ல முழு வால்யூம் வச்சுக் கேட்டேன், பாட்டுன்னு சொல்ற மாதிரி எதுவும் மிஞ்சல.

மாமாவையும் கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன். எது எந்தக் கேபிள்னு சொல்லாம மாத்தி மாத்திப் போட்டேன், அவர் காது நல்ல காது, தபேலா சுதி இறங்கினா மேடைக்கு வெளிய நின்னே சொல்லிடுவார். பத்து நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டுட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான்டா இருக்கு"ன்னார். அப்புறம் ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு, "வீட்டுக்குள்ள சரி, மழையில இதைச் சொல்லு பார்ப்போம்"னார். அவர் சொன்னதுல நியாயம் இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஏன் வித்தியாசம் தெரியலன்னா, மைக் கேபிள்ல ரெண்டு ஒயர் சத்தத்தைத் தூக்கிட்டுப் போகுது, ரெண்டாம் பின்னுல நேரா, மூணாம் பின்னுல தலைகீழா. வழியில சீரியல் லைட்டு, ஜெனரேட்டர் ஒயர்னு எதுலேர்ந்து இரைச்சல் புகுந்தாலும் அது ரெண்டு ஒயர்லயும் ஒரே மாதிரி ஏறும். மிக்சர் ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிக்கறப்போ இரைச்சல் காணாம போயிடும், குரல் மட்டும் நிக்கும், இதுக்குப் பேர்தான் பேலன்ஸ்டு. ஜாயின்ட் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது, மூணு பின்னும் நல்லா தொட்டுக்கிட்டு இருந்தா போதும். நீளத்தால ட்ரெபிள் (கூர்மையான மேல் சத்தம்) போயிடுமேன்னு கேப்பீங்க. கேபிள்ல மீட்டருக்கு சுமாரா 100 பிகோஃபேரட் கெபாசிட்டன்ஸ் (ட்ரெபிளைக் குறைக்கற மின் குணம்) இருக்கும், சாதாரண டைனமிக் மைக்கோட இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு இருக்கற மின் தடை) 300 ஓம்னு வச்சுக்கிட்டாலும் 40 மீட்டர்ல ட்ரெபிள் வெட்ட ஆரம்பிக்கற இடம் 1,30,000 ஹெர்ட்ஸ் பக்கம் வருது, 100 மீட்டர் இழுத்தாலும் 50,000க்கு மேலதான். நம்ம காது 20,000ஓட முடிஞ்சிருது. ஆக கும்மி அன்னைக்கு அந்தக் குரல் மெலிஞ்சதுக்கு நீளமும் காரணம் இல்ல, ஒட்டு போட்டதும் காரணம் இல்ல, ரெண்டாம் பின்னு கனெக்‌ஷன் விட்டுப் போனதுதான் காரணம். ரெண்டு கால்ல ஒரு கால் போச்சுன்னா சத்தமும் குறையும், இரைச்சலைக் கழிக்கற வேலையும் நின்னுரும்.

ஆனா மாமா பயப்படற மாதிரி சேர்த்து நீட்டினா சவுண்ட் நிஜமாவே கெடற இடம் ஒண்ணு இருக்கு, அதுதான் பி38. கிறிஸ்துமஸுக்கு குன்னூர்ல ஒரு சர்ச்ல கொயர் வாசிக்கற தம்பி எலெக்ட்ரிக் கிட்டார் கொண்டு வந்தான், நான் 5 மீட்டர் பி38 கேபிள் மூணை அந்த ஜாயின்ட் வச்சுச் சேர்த்து 15 மீட்டர் குடுத்தேன். அவன் ஒரு கார்டு அடிச்சுட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான், "அண்ணா, கம்பளி போத்தின மாதிரி இருக்குண்ணா"ன்னான். கரெக்டாதான் சொன்னான். கிட்டார் பிக்கப் (கம்பி அதிர்றதை சிக்னலா மாத்தற காந்தச் சுருள்) மைக் மாதிரி இல்ல, அதுல சுருள் அதிகம், இம்பிடன்ஸ் ரொம்ப அதிகம். கேபிள் கெபாசிட்டன்ஸும் அந்தச் சுருளும் சேர்ந்து ஒரு இடத்துல ட்ரெபிளை வெட்டும். 3 ஹென்ரி பிக்கப்னு கணக்கு போட்டா 5 மீட்டர்ல அது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கு, 15 மீட்டர்ல 2,400க்கு இறங்கி வந்துருது. கிட்டாரோட பளிச்சுனு இருக்கற சத்தம் எல்லாம் அதுக்கு மேலதானே இருக்கு. இதுல ஜாயின்ட் மேல தப்பு இல்ல, 15 மீட்டர் ஒரே கேபிளா இருந்தாலும் இதே கதைதான்.

அந்த பி38 ஜாயின்ட்ல இன்னும் ரெண்டு பிரச்சனை. லாக் கிடையாது, கால் பட்டா கழண்டு வந்துரும். அப்புறம் எனக்கு வந்த ஆறும் மோனோ. கீபோர்டு இல்ல மிக்சர் அவுட்லேர்ந்து பேலன்ஸ்டா ஸ்டீரியோ பி38 கேபிள்ல வந்து இதுல சொருகினீங்கன்னா நடு வளையம் உள்ள கிரவுண்டோட சேர்ந்துரும், பேலன்ஸ்டுங்கறதே போயிரும், ஹம் வரும். வெளிய பார்த்தா மோனோவும் ஸ்டீரியோவும் ஒரே மாதிரி இருக்கும், வாங்கறப்போ கேட்டு வாங்குங்க. கிட்டாருக்கு நான் கடைசில பண்ணினது ஒரு ஆக்டிவ் டிஐ பாக்ஸ், கிட்டார் சிக்னலை மைக் சிக்னல் மாதிரி பேலன்ஸ்டா மாத்திக் குடுக்கற சின்னப் பெட்டி. கிட்டார்லேர்ந்து டிஐக்கு 5 மீட்டர், அங்கேர்ந்து மிக்சர் வரைக்கும் நம்ம எக்ஸ்எல்ஆர் எத்தனை ஜாயின்ட் வேணாலும். அந்தத் தம்பி ரெண்டாவது தடவை கார்டு அடிச்சப்போ அவன் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. டிஐக்கு மிக்சர்லேர்ந்து 48 வோல்ட் பாண்டம் பவர் (மைக் கேபிள் வழியாவே போற கரண்ட்) போகணும், அதுக்கும் மூணு பின்னும் எல்லா ஜாயின்ட்லயும் சேர்ந்திருக்கணும், ஒண்ணாம் பின்னு விட்டா டிஐக்கும், இதே பவர்ல ஓடற கண்டென்சர் மைக்குக்கும் உயிரே வராது.

ஸ்பீக்கர் ஒயர் பத்தியும் நிறைய பேர் கேக்கறாங்க. அதுல கணக்கே வேற, ஜாயின்ட்டை விட ஒயர் தடிமன்தான் முக்கியம். 0.75 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் 30 மீட்டர் இழுத்தா போக வர 60 மீட்டர், ஒன்றரை ஓம் வந்துரும். 8 ஓம் பாக்ஸுக்கு 100 வாட் போக வேண்டியது 70 வாட்தான் போகும். ரெண்டு பாக்ஸை பேரலல்ல போட்டு 4 ஓம் ஆக்கிட்டீங்கன்னா கிட்டத்தட்ட பாதிதான். அதே இடத்துல 2.5 ஸ்கொயர் போட்டா 8 ஓமுக்கு 90 வாட் பக்கம் வந்துரும். ஒழுங்கான ஸ்பீக்கான் (ஸ்பீக்கர் ஒயருக்குன்னே இருக்கற லாக் பின்) கப்ளர் ஒண்ணு இதுல சேர்க்கற ரெசிஸ்டன்ஸ் ஒண்ணுமே இல்லாத மாதிரி. ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தற பழக்கத்தை மட்டும் விட்டுருங்க, எங்க ஊர் ஈரத்துல அந்தக் காப்பர் ஒரு மழைக்காலத்துல கறுத்துருது, கறுத்த இடம் சூடாகும். மாமா லைன் லைனா கட்டற குழாய் ஸ்பீக்கர் 100 வோல்ட் லைன்ல (வோல்டேஜை ஏத்தி, கரண்டைக் குறைச்சு அனுப்பற முறை) ஓடறது, அதுல 100 வாட்டுக்கு 1 ஆம்பியர்தான் கரண்ட், அதனால மெல்லிசு ஒயர்ல அவ்ளோ தூரம் போகுது. அதைப் பார்த்து பாக்ஸுக்கும் அதே ஒயரைப் போடாதீங்க.

இப்போ மழை. கார்த்திகைல வடகிழக்குப் பருவமழை எங்க பக்கம்தான் நல்லா அடிக்கும், அந்தச் சமயம் பஜனைக்கு புது கேபிள் ரெண்டையும் போட்டேன். ஒரே ஒரு ஜாயின்ட், அதைத் தரையில விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். எங்க மாவட்டத்துல பிளாஸ்டிக் கவருக்குத் தடை, கைல கவரே இருக்காது, இருந்தாலும் கவர் சுத்தினா உள்ளயே வேர்த்து தண்ணி நிக்கும். சைக்கிள் டியூப்ல ஒரு ஜாண் வெட்டி, கேபிள்ல முன்னாடியே கோத்து வச்சு, சொருகினதுக்கு அப்புறம் ஜாயின்ட் மேல இழுத்து விட்டேன், கீழ்ப் பக்க வாய் திறந்தே இருக்கணும். அப்புறம் ஜாயின்ட்டை சில்வர் ஓக் மரத்துல இடுப்பு உயரத்துல கட்டிட்டு, ரெண்டு பக்கமும் கேபிளைக் கொஞ்சம் தொங்க விட்டேன், தண்ணி வழிஞ்சு வந்தா தொங்கற இடத்துலேர்ந்து கீழ சொட்டிரும், பின்னுக்கு ஏறாது. மூணு நாள் மழை, ஒரு கரகரப்புகூட இல்ல. முடிஞ்சு கழட்டிப் பார்த்தப்போ பின் பளபளன்னு காஞ்சு இருந்துச்சு, மாமாகிட்ட கொண்டு போய்க் காட்டினேன், கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இன்னொரு சம்பவம், ஜனவரில. ராத்திரி கேபிளை எடுக்காம விட்டுட்டோம், காலைல பார்த்தா காட்டெருமை நடந்த தடம், கேபிள் பத்தடி தள்ளி தேயிலைக்குள்ள இழுபட்டுக் கிடக்கு. ஜாயின்ட் பிரியல, மரத்துல கட்டின கயிறுதான் அறுந்திருக்கு. உள்ள ஈயம் போயிருக்குமோன்னு மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தேன், மூணு பின்னும் சரியா இருந்துச்சு. அந்த லாக்குக்கும் பல்லு கிளாம்ப்புக்கும் குடுத்த காசு அன்னைக்கே வசூலாயிருச்சு. ஆனா மாட்டுக்கு ஏதாவது ஆகியிருந்தாலோன்னு மனசு அடிச்சுக்கிச்சு, அதுலேர்ந்து ராத்திரி கேபிளை விடறதே இல்ல.

ஒரே நீளமா 40 மீட்டர் வாங்கலாமான்னு கேட்டா எங்க மாதிரி இடத்துக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். 40 மீட்டர் சுருள் ஈரத்தோட படியில தூக்கிட்டு ஏறிப் பாருங்க தெரியும். நடுவுல எங்கயாவது வெட்டு விழுந்தா மொத்தமும் போச்சு, 20ம் 20மா இருந்தா பாதியை மாத்திட்டு நிகழ்ச்சியைத் தொடரலாம். அதே நேரம் 5 மீட்டர் எட்டு போட்டு 40 ஆக்காதீங்க, ஏழு ஜாயின்ட்ல எது விட்டுச்சுன்னு இருட்டுல தேடணும். ஒவ்வொரு கேபிள்லயும் கலர் டேப்பும் நம்பரும் ஒட்டிட்டேன், சீசன் முடிஞ்சதும் பின்னுக்கு கான்டாக்ட் கிளீனர் ஒரு அடி அடிச்சு, காய வச்சு, அரிசி மூட்டை பக்கத்துல தொங்க விடறேன், தரையில வச்சா திரும்ப ஈரம் ஏறும்.

குறைன்னா, இந்தக் கேபிள் எங்க குளிர்ல விறைச்சுக்குது, டிசம்பர் காலைல சுத்தினா சுருள் அடங்காது, வெயில்ல கொஞ்ச நேரம் போட்டுத்தான் சுத்தணும். வெளித் தோல் இன்னும் கொஞ்சம் மெத்துனு இருந்திருக்கலாம். புது கேபிளுக்கு 5க்கு 4.5. பழைய 10 மீட்டர் கேபிள் ஈயம் மாத்தினதுக்கு அப்புறம் நல்லாவே ஓடுது, ஆனா வாங்கினபடியே போட்டா 5க்கு 1தான். பி38 மோனோ ஜாயின்ட் எதுக்கும் வேண்டாம்.

இந்த வருஷம் சித்திரைல அதே அக்கா அதே கும்மி பாடினாங்க, மிஸ்ட்டும் வந்துச்சு, நான் திண்ணையை விட்டு எழுந்திரிக்கல. அடுத்த வருஷம் தபேலா, டோலக், கோரஸ்னு எட்டு மைக் கேக்கறாங்க. எட்டு மைக்குக்கு எட்டு ஜாயின்ட்னு போகாம 40 மீட்டர்ல எட்டு லைன் ஸ்னேக் கேபிள் (எட்டு மைக் லைனும் ஒரே உறைக்குள்ள வர்றது) ஒண்ணு போடலாம்னு கமிட்டில பேசியிருக்கேன், காசு சேர்ந்ததும் வாங்கி ஒரு மழைக்காலம் ஓட்டிட்டு அதையும் எழுதறேன்.